சார்ட்டிங் செய்யாத நாற்பது

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சர்ச்சின் ஆண்டு விழாவுக்கு மசால் வடை கொண்டுபோவது என் முறை. வடைக்கு வேண்டியது எல்லாம் அடிலெய்டில் கிடைக்கிறது, பொறுமை ஒன்றைத் தவிர. சுட்டு முடித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் ரூத் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

"உடைந்ததையெல்லாம் ஏன் அடியில் வைக்கிறாய்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். முழு வடைகள் மேலே வட்டமாக இருந்தன. விண்டதும் கருகியதும் அடியில் போயிருந்தன. நான் யோசித்துச் செய்யவில்லை.

"பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா?"

"கடைசியில் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்றவள், கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஆர்மியிலும் இதைத்தானே செய்தாய்?"

அவளுக்கு அந்தக் கதையை நான்தான் சொல்லியிருந்தேன். பெற்ற பிள்ளையிடம் உண்மை சொன்னால் இப்படித்தான், சமயம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். அன்று சர்ச்சில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற பெரியவர் ஒருவர் அரை வடையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது.

ஊருக்கு எழுத வேண்டும் என்று எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. மண்ணூரில் என் சித்தப்பா, "எங்க எஸ்தர் ஆஸ்திரேலியா மிலிட்டரில கீது" என்று போதகரிடமே சொல்லிவைத்திருக்கிறாராம். ஜெபக் குறிப்பில்கூட என் பேர் வந்துவிட்டது. அதையாவது திருத்தியாக வேண்டும்.

2

நான் மிலிட்டரியில் இல்லை. ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். நாங்கள் செய்வது ஒரு சோப்புப் பெட்டி அளவுள்ள கருவி. சிப்பாயின் மார்புச் சட்டையில் உட்காரும். ஒரே பேட்டரியிலிருந்து அவருடைய ரேடியோ, போன், விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும். பெட்டியை இங்கே செய்கிறோம். அதிலிருந்து கிளம்பும் ஒயர்க் கட்டு நம் ஊர்ப் பக்கத்து ஒரகடத்திலிருந்து வருகிறது. அதைக் கட்டும் லைனுக்கு சூப்பர்வைசர் என் தோழி பரிமளா.

இந்த நாட்டு ராணுவம் அவ்வப்போது வெளிக் கம்பெனிகளைக் கூப்பிட்டுச் சோதனை முகாம் நடத்துகிறது. நம் பொருளைக் கொண்டுபோக வேண்டும். சிப்பாய்கள் இரண்டு வாரம் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், தவழ்வார்கள், சேற்றில் புரளுவார்கள். எங்கே உடைகிறது என்று ஓர் ஆள் எழுதிக்கொண்டே இருப்பார். யாரும் எதையும் வாங்கப் போவதில்லை. போகும் செலவும் நம்முடையது. ஆனாலும் கூப்பிட்டால் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த அறிக்கையில் நல்லபடியாக நாலு வரி வந்தால் அடுத்த கதவு திறக்கும். எங்கள் முதலாளி கிரெக் தன் வீட்டை அடமானம் வைத்து இந்தக் கம்பெனியை நடத்துகிற மனிதர். அவருக்கு அந்த நாலு வரி வேண்டும்.

உள்ளே போவதற்கு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பத்து வருடத்தில் குடியிருந்த எல்லா முகவரியும் எழுத வேண்டும். "அடிக்கடி தொடர்பில் உள்ள வெளிநாட்டவர்கள்" என்று ஒரு பக்கம் இருந்தது. என் அம்மாவை எழுதினேன். மண்ணூர் சபையின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களை எழுதவா வேண்டாமா என்று போன் போட்டுக் கேட்டேன். தினமும் காலையில் வசனம் அனுப்புகிறவர்கள் ஆபத்தானவர்களா என்று அந்த அதிகாரிக்கும் தெரியவில்லை. பரிமளா பேருக்கு நேரே "உறவு" என்ற கட்டம் இருந்தது. தோழி என்று எழுதினேன். கீழே "வியாபாரத் தொடர்பு உண்டா" என்று கேட்டிருந்தது. உண்டு என்று எழுதினேன். அடுத்தடுத்த கட்டங்களில் இரண்டையும் பார்த்தபோது எனக்கே உறுத்தியது.

ரூத்துக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. போருக்கு உதவுகிறாய் என்கிறாள். யாரையும் சுடாத பொருள்தானே என்று சொல்லிப் பார்த்தேன். சுடுகிறவனின் ரேடியோவுக்குத்தானே கரண்ட் என்றாள். சம்பளம் வருகிறது, அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், நான் அந்தக் கேள்வியைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருக்கிறேன்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு சார்ட்டிங் என்றால் சொல்லித் தர வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நல்லதையும் கெட்டதையும் பிரித்தெடுப்பது. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்கு உதிரி பாகம் கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் நானும் பரிமளாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எங்கள் கம்பெனி எங்களைத் தன் ஷெட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கார் கம்பெனியின் வளாகத்துக்குள்ளேயே, சரக்கு இறங்கும் இடத்தில் ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் போட்டு உட்கார வைத்தது. எங்கள் சரக்கு வந்ததும் அவர்களுடைய ஆள் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் பார்த்துவிட வேண்டும். கெட்டதை எடுத்துவிட்டு, பையில் தயாராக இருக்கும் நல்லதை வைக்க வேண்டும். கார் கம்பெனியின் கணக்கில் எங்கள் சரக்கில் குறையே கிடையாது. எங்கள் கம்பெனிக்கு வருடா வருடம் ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். மேடையில் முதலாளி அதை வாங்கும்போது நானும் பரிமளாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் இதைத் திருட்டு என்று நினைத்ததே இல்லை. லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் லைன் நின்றால் யார் யார் வேலை போகும் என்று எங்களுக்குத் தெரியும். அதில் ஒரு ஒழுங்கும் இருந்தது. கை வைத்த ஒவ்வொன்றிலும் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்போம். அடுத்த ஷிப்டில் வருகிறவளுக்கு எது தொட்டது, எது தொடாதது என்று தெரிய வேண்டும். வாங்குகிறவனுக்குத்தான் மறைப்பு, நமக்குள் மறைப்பு கிடையாது.

பரிமளா என்னைவிட வேகம். கண்ணால் பார்க்கவே மாட்டாள். விரலில் உருட்டி, காதருகே வைத்து அழுத்தி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கல்யாணம் ஆகி நான் விமானம் ஏறிய அன்று என் கையில் ஒரு பச்சை மார்க்கரைக் கொடுத்தாள். "அங்க இது தேவப்படாதுடி. அவங்கல்லாம் ஒயுங்கா செய்வாங்க," என்றாள்.

4

முகாமில் முதல் இரண்டு நாள் நாங்கள் சிப்பாய்களுக்குக் கருவியைச் சொல்லித் தரலாம். மூன்றாம் நாளிலிருந்து தரையில் கட்டிய ஒரு கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். எது உடைந்தாலும் கை வைக்கக் கூடாது. சரி செய்ய வேண்டுமென்றால் ஹெலன் என்ற அம்மாளிடம் சொல்லி, அவர் எழுதிக்கொண்ட பிறகே தொட வேண்டும். ஹெலன் முன்னாள் ராணுவக்காரர், வெயிலில் சிவந்த முகம், சிரிப்பே வராது. காலையில் வாசலிலேயே எங்கள் போன்களை ஒரு பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டு மாலையில்தான் தருவார்கள். அந்தப் பத்து மணி நேரமும் கையில் எதுவும் இல்லாமல் நின்றது எனக்குப் பெரிய தண்டனை.

மூன்றாம் நாள் மத்தியானம் சிப்பாய்கள் சட்டைகளைக் கழற்றித் தார்ப்பாயில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கிரெக் போனார். ஹெலனும் போனார். நான் கழிவறைக்குப் போய்விட்டு அந்த வழியாகத் திரும்பினேன். ஒரு சட்டையில் எங்கள் ஒயர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது. உள்ளே போனதும் டிக் என்று விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். இதில் நாக்கின் நுனி மழுங்கலாக இருந்தது. பூட்டவில்லை. தவழ்ந்தபோது இழுபட்டிருக்கிறது.

நான் உட்கார்ந்தேன். என் தோள் பையில் பதினாறு மாற்று ஒயர்கள் இருந்தன. கழற்றினேன், மாற்றினேன், இழுத்துப் பார்த்தேன், பச்சைப் புள்ளி வைத்தேன். பக்கத்துச் சட்டையைப் பார்த்தேன். அதிலும் அப்படியே. மொத்தம் இருபத்துநாலு சட்டை. ஆறு ஒயர் மாற்றினேன். எழுந்து சேலைக் கொசுவத்தைத் தட்டுவதுபோல் பேண்டைத் தட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. பல நாள் கழித்து வேலை செய்த திருப்தி.

மாலையில் கூட்டம். ஒரு சின்னப் பெண் சிப்பாய் எழுந்து எங்கள் கருவியைப் பற்றிச் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் அவ்வளவு தவழ்ந்தும் ஒயர் ஒரு தடவைகூடக் கழலவில்லை, மலைப் பயிற்சிக்குப் போகும்போது பழைய பேட்டரிகளை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துப்போக முடியுமா என்று கேட்டாள். ரூத்தைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கிரெக் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலைக்கு அவளோடு நான் பையைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.

5

போன் கைக்கு வந்ததும் பரிமளாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

நடந்ததைச் சொன்னேன். "அதுக்கு இன்னா இப்போ? நல்ல வேலதான பண்ண. எவனும் பாக்கலல்ல?" என்றாள்.

"பாக்கல. ஆனா நாக்கு ஏன்டி மழுங்கிக் கீது?"

"அச்சு தேஞ்சி போச்சுடி. பிளாஸ்டிக்காரன் மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிகினே கீறான்." சாதத்தை மென்றுகொண்டே சொன்னாள். "உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் நானே ஒக்காந்து பாத்து அனுப்பனேன். இரநூறுல நாப்பது. எல்லாமே முத்து மாதிரி எடுத்துப் போட்டேன்."

அவள் அங்கே பொறுக்கி எடுத்த முத்துகளில்தான் ஆறு கழன்றிருக்கிறது. அந்த ஆறையும் நான் இங்கே மாற்றிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம், அதுவும் ஒருவருக்கொருவர் செய்த உபகாரமாக.

"பரிமளா, நான் சொல்லிடப் போறேன்."

மெல்லுவதை நிறுத்தினாள். "யார் கிட்ட?"

"எழுதறவங்க கிட்ட."

"பைத்தியமாடி உனக்கு? எங்க மொதலாளி இந்த ஒரு ஆர்டருக்காகத்தான் லைனே போட்டாரு. ஒம்பது பொண்ணுங்க கீது இங்க. ஒயரு கெட்டதுன்னு உன் வாயாலயே சொன்னா நாளைல இருந்து நாங்க இன்னா பண்றது?" பிறகு தணிந்த குரலில், "நாம ரெண்டு பேரும் ஒண்ணாதான எஸ்தரு பண்ணினு இருந்தோம்," என்றாள்.

கிரெக்கிடம் சொன்னேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டு, காலை வரை யாரிடமும் பேசாதே, யோசிக்கிறேன் என்றார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட படிவங்கள், சர்ச்சில் என்னைக் கைகாட்டும் மனிதர்கள், பிறந்த ஊர் என்ற கட்டத்தில் மண்ணூர் என்று எழுதியவள் ஏமாற்றிவிட்டாள் என்று பேச்சு வந்தால் அடுத்து வரும் நம் ஆட்களை என்ன பார்வை பார்ப்பார்கள் என்ற பயம், எல்லாம் சேர்ந்து அன்றிரவு என்னை அறையில் உட்கார விடவில்லை. பயமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

காலையில் கிரெக் யோசித்து முடிப்பதற்கு முன் ஹெலனின் மேசைக்குப் போனேன். சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"எந்தெந்தச் சட்டை?"

"பச்சைப் புள்ளி இருக்கும்."

போய்ப் பார்த்தோம். ஆறும் இருந்தன. கழற்றிய ஒயர்களையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவற்றிலும் புள்ளி. ஹெலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைப்பதற்காகச் செய்தவள் அடையாளம் ஏன் வைத்தாய் என்று கேட்டார். எங்கள் வழக்கம் அப்படி என்றேன். அவர் அந்த நாளின் தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார். கீழே எழுதியதை என்னிடமே படித்துக் காட்டினார். ஆறு ஒயர்கள் கழன்றன, கம்பெனியின் ஆள் அனுமதியின்றி மாற்றினார். பிறகு நாங்கள் கொண்டுவந்த நாற்பது ஒயரும் எத்தனையிலிருந்து வந்த நாற்பது என்று கேட்டார். நான் எதுவும் சொல்லாமலே அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியிருந்தது. இருநூறு என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

6

எங்களைத் துரத்திவிடவில்லை. அடுத்த முகாமுக்கும் வரலாம் என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. சாதாரணமாக லைனில் வருகிற வரிசையிலேயே நாற்பது ஒயர்களை எடுத்து அனுப்பும் பெட்டியில் போட வேண்டும், பொறுக்கக் கூடாது, கம்பெனியின் ஆள் நேரில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கிரெக் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, வேறு நாட்டில் ஒயர் வாங்கிக்கொள்ளலாம் என்றார். எத்தனை கெட்டது என்று தெரியாமல் எதை மாற்றுவது, முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று நான் மல்லுக்கு நின்றேன். சரி, நீயே போய் நின்று எண்ணு என்றார்.

அப்படித்தான் போன மாதம் ஒரகடம் வந்தேன். ஊருக்கு வந்தும் வீடு வீடாக வரவில்லை என்று உறவுக்காரர்களுக்குக் கோபம். அதற்கும் சேர்த்துத்தான் இது. அம்மா வல்லக்கோட்டை வழியாக வரும் பஸ்ஸில் ஒரு பை நிறைய முறுக்கோடு வந்து, கம்பெனி வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

உள்ளே போனதும் பரிமளா எழுந்து நின்றாள். ஒன்பது பெண்களும் எழுந்தார்கள். "வாங்க மேடம்," என்றாள் பரிமளா.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். ஒரே கண்ணாடி டம்ளரில் பாதிப் பாதி குடித்த இரண்டு பேர் நாங்கள்.

தனியாக நின்ற ஒரு நிமிஷத்தில், "இன்னாடி மேடம்?" என்றேன்.

"வேற இன்னான்னு கூப்பிட? கையெழுத்து போட வந்துகீறீங்க." ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "மொதலாளி காலைலியே சொல்லிட்டாரு. இந்தப் பொட்டி சரியில்லன்னா லைன எடுத்துடுவாராம். பாத்து நல்லதா போட்டு அனுப்புன்னாரு. எனக்குத் தெரியாதா எப்டி நல்லதா போடறதுன்னு? நீ போயிட்டு டீ குடிச்சிட்டு வா, பத்து நிமிசம் போதும் எனக்கு."

கடைசியில் 'வா' என்றாள். அந்த ஒருமைக்காகவே வெளியே போய்விடலாம் என்று இருந்தது. பத்து நிமிஷம். நான் டீக்கடைக்குப் போயிருந்தால் நாற்பதும் முத்தாக இருந்திருக்கும், கிரெக்குக்கு நாலு வரி கிடைத்திருக்கும், இந்த லைனுக்கும் ஆபத்து வந்திருக்காது. கெட்டவை பின்னால் ஆர்டரில் போய் மலையில் கழன்றுகொண்டிருக்கும்.

"அந்தப் பொண்ணுக்கு பத்தொம்பது இருபது வயசு இருக்கும் பரிமளா. இத மாட்டிகினு மலைக்குப் போவும்," என்றேன்.

அவள் லைனில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்களுக்கும் அதே வயதுதான். போய் மேசையில் உட்கார்ந்தாள்.

தட்டிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்து, சோதனைச் சாக்கெட்டில் மாட்டி, அழுத்தி, பெட்டியில் போட்டாள். டிக், டிக் என்று விழுந்தது. நான் எண்ணிக்கொண்டு வந்தேன். பதினேழாவதில் சத்தம் வரவில்லை. அவள் கை தானாகவே இடது பக்கம், கெட்டதைப் போடும் சிவப்பு டப்பாவுக்குப் போனது. பாதியில் நின்றது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பரிமளா அந்த ஒயரை மறுபடி காதருகே வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு பெட்டியில், பதினாறாவதுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எழுதிக்கோங்க மேடம்," என்றாள். "இதுவும் நாங்க செஞ்சதுதான்."

எழுதிக்கொண்டேன். நாற்பதில் பதினொன்று பூட்டவில்லை. அச்சு மாற்ற எவ்வளவு ஆகும் என்று கிரெக் கேட்டிருக்கிறார், லைனைப் பற்றிப் பரிமளாவின் முதலாளி இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் அடிலெய்டுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பரிமளா என் போனை எடுக்கவில்லை.